நாற்காலியின் மேல் ஒரு மலை

கேள்வி:

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு வணக்கம். எனக்கு வயது 37. அலுவலக வேலைக்குப் போகிறேன். கணவர், எட்டு வயது மகள், நான் என மூன்று பேர் கொண்ட குடும்பம். அலுவலகத்தில் என்னைச் சுறுசுறுப்பானவள் என்பார்கள். எந்த வேலையையும் மறுநாளைக்கு விட்டதில்லை. ஆனால் வீட்டுக்குள் கால் வைத்ததும் கல்லாகிவிடுகிறேன். பையை வைத்துவிட்டு, ஐந்தே நிமிடம் என்று சோபாவில் உட்காருவேன். கையில் போன். நிமிர்ந்து பார்த்தால் ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். தொட்டி நிறையப் பாத்திரம் கிடக்கும். எழுந்திரு, எழுந்திரு என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும், உடம்பு வணங்காது.

கூடத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. துவைத்த துணி, ஒருமுறை உடுத்திய துணி, தைக்க வேண்டிய துணி எல்லாம் அதன்மேல்தான். அதில் கடைசியாக யார் உட்கார்ந்தார்கள் என்பதே நினைவில்லை. திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறி வந்தவள்போல் எல்லாவற்றையும் செய்வேன். அந்த வெறியும் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். விருந்தினர் வருகிறார்கள் என்றால் மட்டும் இரண்டு மணி நேரத்தில் வீடு பளிச்சென்று ஆகிவிடும். அப்படியானால் என்னால் முடியும், ஆனால் செய்வதில்லை என்றுதானே பொருள்?

இரவு படுக்க 12 மணி ஆகிவிடுகிறது. காலை ஐந்தரைக்கு எழ வேண்டும். இப்போதெல்லாம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. மாதவிலக்கின்போது இரத்தப்போக்கும் அதிகம். உடம்பை அசைக்காத சோம்பேறித்தனத்தின் பலன்தான் இதுவும் என்று நினைக்கிறேன். கணவர் நல்லவர். 'சொன்னால் செய்வேனே' என்பார். சொல்வதற்கே எனக்கு அலுப்பாக இருக்கிறது. என் அம்மாவின் வீடு கண்ணாடிபோல் இருக்கும். போன வாரம் மகள் பள்ளியில் எழுதிய கட்டுரையில் 'என் அம்மா கொஞ்சம் சோம்பேறி' என்று இருந்தது. சிரித்துக்கொண்டே படித்தேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன். எனக்குக் கொஞ்சம் ஊக்கம் வர வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஊக்கம் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு வருகிறேன். அதற்கு முன், நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு வரிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரத்தப்போக்கு அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் சோம்பேறித்தனத்தின் கணக்கிலேயே சேர்த்துவிட்டீர்கள். எனக்கோ அந்த இடத்தைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் சோம்பல் என்று சொல்லி என்னிடம் வந்து, இரத்தப் பரிசோதனைக்குப் போய், அங்கே விடை கிடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதாமாதம் அதிகமாக இரத்தம் போகும் பெண்ணுக்கு உடலின் இரும்புச்சத்து கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அந்த எண் 12-ஐத் தாண்டியிருந்தாலும் சேமிப்பில் இருக்கும் இரும்பு தீர்ந்துபோயிருக்கலாம். அதை ஃபெரிட்டின் என்ற பரிசோதனை காட்டும். தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்கிவிட்டுச் சும்மா இருந்துவிட வேண்டாம். இரத்தப்போக்கு ஏன் அதிகமாகிறது என்பதை மகளிர் நோய் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை.

தூக்கமும் அப்படித்தான். 12 மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம். வளர்ந்த ஒருவருக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கடன் வைத்தால், வெள்ளிக்கிழமைக்குள் ஓர் இரவு முழுத் தூக்கத்தையே இழந்திருப்பீர்கள். அந்த உடம்பு வணங்கவில்லை என்று கோபித்துக்கொள்வது, தீனி போடாத மாட்டை அடிப்பதுபோல.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். முன்பு பிடித்தவை எதுவும் இப்போது பிடிக்கவில்லை, எதிர்காலம் இருண்டு தெரிகிறது, பசியும் தூக்கமும் மாறிவிட்டன, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்பவையெல்லாம் இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வீட்டு வேலை யோசனைகள் மருந்தாகாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு அப்படித் தென்படவில்லை. கடிதத்தில் எழுதாமல் விட்டது எனக்குத் தெரியாது என்பதால் கேட்கிறேன்.

இனி, சோம்பலுக்கு வருவோம்.

சோம்பேறிக்குத் தன் சோம்பலில் ஒரு சுகம் உண்டு. காலை நீட்டிப் படுத்தால் அவர் முழுதாகப் படுத்திருப்பார். நீங்கள் சோபாவில் கழிக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அப்படி ஒரு சுகம் இருந்ததாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. எழுந்திரு, எழுந்திரு என்று உள்ளே ஒரு குரல் விரட்டிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் வேலையும் செய்யவில்லை, ஓய்வும் எடுக்கவில்லை. இது சோம்பல் என்றால் இதைவிடக் களைப்பான சோம்பல் வேறு இருக்க முடியாது.

நம்மிடம் இதற்கெல்லாம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அலுப்பு வேறு, சலிப்பு வேறு, மலைப்பு வேறு. உடம்பு ஓய்வைக் கேட்டால் அலுப்பு. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதில் வருவது சலிப்பு. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பது மலைப்பு. எல்லாவற்றையும் சோம்பல் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் எதற்கு என்ன செய்வது என்பது தெரியாமல் போகிறது. உங்கள் பாத்திரத் தொட்டி சலிப்பு. உங்கள் நாற்காலி மலைப்பு. உங்கள் கணவர் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் வேறொன்று. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அலுவலகத்தில் சுறுசுறுப்பாக இருக்கும் அதே பெண் வீட்டில் கல்லாவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். அலுவலக வேலைக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது, யாரோ கொடுக்கிறார்கள். ஒரு முடிவு இருக்கிறது, அனுப்பிவிட்டால் தீர்ந்தது. மறுநாள் அதே கோப்பு அழுக்காகித் திரும்பி வருவதில்லை. வீட்டு வேலைக்கு இது எதுவும் கிடையாது. செய்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. செய்யாவிட்டால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். கழுவிய பாத்திரம் இரவுக்குள் மறுபடியும் தொட்டிக்கு வந்துவிடும். இதில் சலிப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

விருந்தினர் வரும் நாளில் மட்டும் எப்படி முடிகிறது? அன்று உங்களுக்குத் திடீரென்று ஊக்கம் பிறந்துவிடுவதாக நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று வேலைக்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது. ஆறு மணிக்கு அழைப்பு மணி அடிக்கும். கூடமும் குளியலறையும் சுத்தமாக இருந்தால் போதும். அதற்குமேல் யாரும் பார்க்கப்போவதில்லை. எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பது தெரிந்துவிட்டதால் கை தானாக ஓடுகிறது. ஆகவே ஊக்கம் கேட்ட உங்களுக்கு நான் எல்லைகளைத்தான் தரப்போகிறேன்.

சரி, அன்றைக்கு அந்த நாற்காலித் துணியெல்லாம் எங்கே போனது? நான் ஊகிக்கிறேன்: அப்படியே அள்ளிப் படுக்கையறைக் கட்டிலில் போட்டுக் கதவைச் சாத்தியிருப்பீர்கள். விருந்தினர் போனதும் அது மறுபடி நாற்காலிக்கு வந்திருக்கும். அதாவது இரண்டு மணி நேரத்தில் வீட்டையே புரட்டிப்போட்ட நீங்கள்கூட அந்த மலையை நகர்த்தினீர்களே தவிரக் கரைக்கவில்லை. இது தற்செயலில்லை. அந்தக் குவியலில் இருக்கும் வேலை துணி மடிப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது முடிவெடுக்கும் வேலை. ஒருமுறை உடுத்தியதை அலமாரியில் வைப்பதா, துவைக்கப் போடுவதா? மகளுக்குச் சிறியதாகிவிட்ட கவுனை யாருக்குக் கொடுப்பது? பொத்தான் போன சட்டையைத் தைப்பதா, தூக்கிப் போடுவதா? ஒரு துணியைத் தொட்டால் ஒரு கேள்வி. நாள் முழுக்க அலுவலகத்தில் முடிவெடுத்துவிட்டு வந்த மூளை, முப்பது கேள்விகள் குவிந்திருக்கும் நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போனைக் கையில் எடுக்கிறது.

2013-இல் ஃபூஷியா சிரோயிஸ், திமோதி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைத்தான் எழுதினார்கள். தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததால் வருவதைவிட, அந்த நேரத்து மனநிலையைச் சமாளிக்கத் தெரியாததால் வருவது. வேலையை நினைத்ததும் உள்ளே ஒரு கசப்பு எழுகிறது. அதை உடனே தணிக்க வேண்டும். போன் தணிக்கிறது. விலையை மாலை ஏழு மணிக்கு இருக்கும் நீங்கள் கொடுப்பதில்லை. இரவு பதினொன்றரைக்குப் பாத்திரத்தோடு நிற்கும் நீங்கள் கொடுக்கிறீர்கள்.

ஆகவே நாற்காலிக்கு ஊக்கம் தேவையில்லை. கேள்விகளைக் குறைக்க வேண்டும். சுவரில் நான்கைந்து கொக்கிகள் அடியுங்கள்: இன்னொரு முறை உடுத்தலாம் என்ற துணிக்கு அதுதான் வீடு. சிறியதானவற்றுக்கு ஒரு பை; அது நிரம்பும் அன்று யாருக்குக் கொடுப்பது என்று யோசித்தால் போதும். தைக்க வேண்டியதற்கு இன்னொரு பை. மூன்று மாதம் யாரும் அதைத் தேடவில்லை என்றால், தைக்க வேண்டாம் என்று நீங்கள் எப்போதோ முடிவுசெய்துவிட்டீர்கள் என்று பொருள். மிச்சமிருப்பது வெறும் மடிக்கிற துணி. அது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். என் வீட்டில் பாத்திரத் தொட்டியை வைத்து ஒருநாள் இந்தச் சோதனையைச் செய்தேன். அரை மணி நேர வேலை என்று எரிச்சலோடு தொடங்கியது பதினோரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அந்தப் பதினோரு நிமிடத்தைத் தவிர்க்க நான் எத்தனை மாலைகளைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்!

முழு மலையையும் ஒரே நாளில் கரைக்க வேண்டாம். நாளைக்கு மேலே இருக்கும் பத்துத் துணி மட்டும். பத்தானதும், இன்னும் செய்யலாமே என்று தோன்றினாலும் நிறுத்துங்கள். உங்களிடம் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறியோடு செய்துவிட்டு மூன்று வாரம் தொடாமல் இருப்பது உங்கள் வழக்கம். 'துணி' என்றாலே முதுகு ஒடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் உடம்புக்கு நினைவு வருகிறது. பிறகு எப்படி அது வணங்கும்?

இனி சோபா. உட்காராதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வேலை முடிந்து வந்தவருக்கு ஓய்வு வேண்டும். ஆனால் ஓய்வுக்கும் ஓர் எல்லை வேண்டும், போனுக்கு அது கிடையாது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். போனை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டுக் கண்ணை மூடிப் படுங்கள். அலாரமும் அடுத்த அறையில் அடிக்கட்டும். அதை நிறுத்தவாவது எழுந்துதானே ஆக வேண்டும். எழுந்தவர் அப்படியே சமையலறைக்குப் போவது, படுத்திருப்பவர் போவதைவிட எளிது.

எழுந்ததும் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவுசெய்துவிடுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 'இனி ஒழுங்காக வேலை செய்வேன்' என்ற உறுதி பெரும்பாலும் காற்றோடு போகிறது. 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று நேரமும் இடமும் குறித்த திட்டம் நிற்கிறது. 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதுதான் தெரிந்தது. உங்களுக்கு நான் எழுதித் தரும் வாக்கியம் இது: 'அலாரத்தை நிறுத்தியதும் தொட்டியில் இருக்கும் தம்ளர்களை மட்டும் கழுவுவேன்.' தம்ளர்கள் மட்டும்தான். கை நனைந்துவிட்டால் தட்டும் தானே வரும். வராவிட்டாலும் பரவாயில்லை, அன்றைய வாக்கு நிறைவேறிவிட்டது.

ஊக்கம் வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவர்கள் ஒரு வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். மனச்சோர்வுக்கே செயலூக்கச் சிகிச்சை என்று ஒன்று உண்டு. மனம் வந்த பிறகு செய்யலாம் என்று நோயாளியைக் காத்திருக்க விடாமல், சிறு செயல்களை நேரம் குறித்துச் செய்யவைப்பார்கள். மனம் பின்னால் வரும். படுக்கையை விட்டு எழவே முடியாதவர்களுக்கு உதவுகிற அந்த வழி, ஒரு பாத்திரத் தொட்டிக்கு உதவாமலா போகும்?

தமிழில் 'கையோடு' என்று ஒரு சொல் இருக்கிறது. வந்த கையோடு, சாப்பிட்ட கையோடு. வீட்டு வேலையைப் பற்றி இதைவிட நல்ல ஆலோசனை எனக்குத் தெரியாது. சாப்பிட்ட கையோடு தட்டைக் கழுவினால் அரை நிமிடம். காயவிட்டு மறுநாள் தேய்த்தால் மூன்று நிமிடம், கூடவே ஒரு பெருமூச்சு. குளித்த கையோடு குளியலறைத் தரையில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டால் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டியதில்லை. அடுப்பில் ஏதாவது கொதிக்கும் நேரத்தில் மேடையைத் துடைத்துவிடலாம். உடம்பு ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறது. உட்கார்ந்த உடம்பை எழுப்புவதில்தான் உங்கள் போராட்டம் முழுவதும் இருக்கிறது.

இது பழக்கமாக எத்தனை நாளாகும் என்று கேட்பீர்கள். 21 நாள் என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், உணவு, உடற்பயிற்சி போன்ற ஒரு சிறு செயல் தன்னிச்சையாக நடக்க, எல்லாரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் ஒருவருக்கு 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்பது கணக்கு. அதைவிட எனக்குப் பிடித்த முடிவு வேறு. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. உங்களைப் போன்றவர்களை வீழ்த்துவது தவறிய அந்த ஒருநாள் இல்லை. அன்று இரவு, 'நான் இவ்வளவுதான்' என்று உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளும் தீர்ப்புதான். மைக்கேல் வோல் என்ற ஆய்வாளர் 2010-இல் மாணவர்களிடம் கண்டதும் இதுவே: முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். திட்டிக்கொண்டால் திருந்துவோம் என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். திட்டுவதால் அந்த வேலையின் கசப்புதான் கூடுகிறது.

சலிப்பான வேலைக்குக் காதுக்கு ஏதாவது கொடுக்கலாம். பாட்டோ, ஒலிக்கதையோ, துணி மடிக்கும்போது மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பிடித்ததைப் பிடிக்காததோடு முடிச்சுப்போடுவதை உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்களிடம் காத்தரின் மில்க்மனும் குழுவினரும் சோதித்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் நன்றாக வேலை செய்தது, இடையில் ஒரு விடுமுறை வந்ததும் தளர்ந்துவிட்டது. எனவே இதை ஊறுகாய் அளவுக்கு நம்புங்கள்.

இப்போது 'சொன்னால் செய்வேனே'.

உங்கள் கணவர் நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஒரு வேலைப் பங்கீடு ஒளிந்திருக்கிறது. சொல்வது ஒரு வேலை. சொல்வதற்கு முன் கவனிப்பது, என்ன செய்யலாம் என்று யோசிப்பது, முடிவெடுப்பது, செய்தாகிவிட்டதா என்று பார்ப்பது எல்லாம் உங்கள் தலையில். கை மட்டும் அவருடையது. ஆலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளை நேர்காணல் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த மூளை வேலையை இப்படித்தான் நான்காகப் பிரித்தார். இவற்றில் முன்கூட்டி எதிர்பார்ப்பதும் பிறகு கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்களிடமே தங்கிவிடுவதையும் கண்டார். சொல்வதற்கே அலுப்பாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைச் சோம்பலின் உச்சம் என்று நினைத்திருப்பீர்கள். கடிதத்திலேயே மிகத் துல்லியமான வாக்கியம் அதுதான்.

அவரிடம் உதவி கேட்காதீர்கள். உதவி என்ற சொல்லிலேயே வேலை உங்களுடையது என்றாகிவிடுகிறது. ஒரு வேலையை வேரோடு பிடுங்கி அவர் பக்கம் நட்டுவிடுங்கள். துணி என்றால் முழுத் துணியும் அவருடையது: கூடை நிரம்பியதைக் கவனிப்பது, சோப்புத்தூள் தீரப்போவதைப் பார்ப்பது, மெஷினில் போடுவது, உலர்த்துவது, மடிப்பது, அலமாரியில் வைப்பது வரை. சண்டைக்கு நடுவில் இதைப் பேசாதீர்கள். இருவரும் வயிறு நிறைந்து நிதானமாக இருக்கும் நேரத்தில் பேசுங்கள். ஒப்படைத்த பிறகு உங்களுக்கு ஒரு கடினமான வேலை பாக்கி இருக்கிறது. அவர் துண்டைத் தப்பாக மடிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் போய்த் திரும்ப மடித்தால் அடுத்த வாரம் அந்த வேலை உங்களிடமே வந்துசேரும். முதல் மாதம் ஒருநாள் உடுத்துவதற்குத் துணியில்லாமல் போகலாம். போகட்டும், அதற்கு விடை தேடுவதும் அவர் பொறுப்பு.

அம்மாவின் வீட்டைப் பற்றி ஒன்று. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எத்தனை மணி நேரம் இருந்தது, எத்தனை கைகள் இருந்தன, அம்மா எந்த நேரத்தில் உட்கார்ந்தார் என்பதெல்லாம் குழந்தையாக இருந்த உங்களுக்குத் தெரிந்திருக்காது. முடிந்தால் அவரிடமே கேட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு என் அளவுகோல் மிகவும் தாழ்வானது: குப்பை வெளியே போக வேண்டும், சமைக்கும் இடமும் கழிவறையும் சுத்தமாக இருக்க வேண்டும், மறுநாள் உடுத்தத் துணி இருக்க வேண்டும், நடக்கும் வழியில் கால் தடுக்கக் கூடாது. ஜன்னல் கம்பியில் தூசு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அலமாரியின் உச்சியை எட்டிப் பார்க்கிற விருந்தினரை மறுபடி அழைக்காமல் இருந்தால் தீர்ந்தது.

மகளின் கட்டுரைக்கு வருகிறேன். உங்களுக்கு அதிகம் வலித்தது அதுதான். எட்டு வயதுக் குழந்தை தாயை வேவுபார்த்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. வீட்டில் காதில் விழும் சொல்லை எடுத்து எழுதும். 'சோம்பேறி' என்ற சொல் அவள் காதில் யார் வாயிலிருந்து விழுந்திருக்கும்? 'ஐயோ, நான் ஒரு சோம்பேறி' என்று தொட்டியின் முன்னால் நின்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? அவள் அதோடு 'கொஞ்சம்' என்று சேர்த்து உங்களுக்குச் சலுகை வேறு கொடுத்திருக்கிறாள்! அவளிடம் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இனி அலுப்பாக இருந்தால் 'அம்மாவுக்கு அலுப்பாக இருக்கிறது, இருபது நிமிடம் படுக்கிறேன்' என்று அந்தச் சரியான சொல்லையே சொல்லுங்கள். தன் துணியைத் தானே மடித்து வைக்க எட்டு வயது போதுமான வயது. பத்துத் துணிக் கணக்கில் அவளுடையது நாலு என்று வைத்துக்கொள்ளலாம். கோணல்மாணலாகத்தான் மடிப்பாள். அப்பாவின் துண்டுக்குச் சொன்னதுதான் இதற்கும்.

நான் சொன்ன எல்லாவற்றையும் இந்த வாரமே தொடங்கிவிடாதீர்கள். அது இன்னொரு வெறிபிடித்த ஞாயிற்றுக்கிழமையாகிவிடும். முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகு தூக்கம், அதோடு தம்ளர்கள். நாற்காலியைப் பத்து நாள் கழித்துத் தொடலாம். கணவரோடு பேச வேண்டியதை மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் பேசுங்கள். அவரையும் கூட அழைத்துக்கொண்டுதான் போகப்போகிறீர்கள் என்று எண்ணுகிறேன். எந்த நாள், எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதை இந்தப் பதிலைப் படித்த கையோடு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். முடிவு வந்ததும் ஹீமோகுளோபின் எண்ணை எனக்கு எழுதுங்கள். நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை அதற்கடுத்த கடிதத்தில் எழுதினால் போதும்.